வீட்டு அறையில் குரல் பதிவு: எங்கே பிழைக்கிறது, எப்படிப் பிடிப்பது

பதிந்ததைப் போட்டுக் கேட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பின்னால் ஒரு "ம்ம்" ஓடிக்கொண்டிருக்கிறது. உச்சஸ்தாயியில் கரகரக்கிறது. உடனே புது மைக் வாங்கத்தான் மனம் போகும். வாங்க வேண்டாம், பொறுங்கள். குரல் வாயிலிருந்து புறப்பட்டு அறை, மைக், வயர், இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), மென்பொருள் என்று பல இடம் கடந்துதான் கோப்பாகிறது. பிழை எந்த இடத்தில் பிறந்தது என்று தெரியாமல் காசைச் செலவழித்தால், அதே பிழை புது மைக்கிலும் வரும். மைக் நல்லதென்றால் இன்னும் தெளிவாக வரும்.

முதலில் இரண்டு சிறு பதிவுகள் செய்யுங்கள். ஒன்று, 30 செக்கன் வெறும் அமைதி: பாடும்போது எது எது ஓடுமோ அதெல்லாம் ஓடட்டும், ஒருவரும் பேசக்கூடாது. மற்றது, பாடப்போகும் பாட்டின் மிக மெல்லிய வரியும் மிக உரத்த வரியும். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே கெயினில் (மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு). அமைதிப் பதிவை மென்பொருளில் 30 டெசிபல் உயர்த்திவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். அறையும் கரண்டும் செய்கிற சேட்டை எல்லாம் அதில் வெளிச்சமாகும். பிறகு ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி பதியுங்கள். ஃபானை நிறுத்தி, மைக்கையும் நகர்த்தி, கெயினையும் குறைத்தால் எது சரிசெய்தது என்று பிடிக்க முடியாது.

அதற்கும் முன் ஒரு சின்னச் சோதனை. பதிவு ஓடும்போது மைக்கின் வலையை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு மடிக்கணினியின் விளிம்பைச் சுரண்டுங்கள். கணினியைச் சுரண்டிய சத்தம் பெரிதாகக் கேட்டால், நீங்கள் வாங்கிய மைக் வேலையே செய்யவில்லை. கணினிக்குள் இருக்கும் மைக்தான் பதிகிறது. மென்பொருளில் உள்ளீட்டுக் கருவியை மாற்றிவிடுங்கள். குரல் டெலிபோனில் பேசுவது போல ஒடுங்கிக் கேட்டால் பெரும்பாலும் புளூடூத் ஹெட்செட்டின் மைக் தெரிவாகியிருக்கும். குரல் தூரத்தில் மங்கலாகக் கேட்டால், மைக்கின் எந்தப் பக்கம் பாடுகிறீர்கள் என்று பாருங்கள். பெரிய கொண்டென்சர் மைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு நுனியில் பாடக்கூடாது, பக்கவாட்டில் பாட வேண்டும். கம்பனியின் பெயர் பொறித்த பக்கம்தான் வழமையாக முன்பக்கம். புளூ யெட்டி போன்ற மைக்கில் திசையைத் தெரிவு செய்யும் குமிழ் ஒன்று உண்டு. அது கார்டியொயிட், அதாவது இதய வடிவம் உள்ள இடத்தில் நிற்க வேண்டும். எக்ஸ்எல்ஆர் வயர் போடும் கொண்டென்சர் மைக்கில் சத்தமே வராவிட்டால், இன்டர்ஃபேஸில் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ற் சுவிட்சைப் போட மறந்திருப்பீர்கள்.

அமைதிப் பதிவில் கேட்பவை

தாழ்ந்த "ம்ம்" என்ற இரைச்சல் கரண்டிலிருந்து வருவது. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அந்த 50-உம் அதன் மடங்குகளான 100, 150 ஹேர்ட்ஸும்தான் கேட்கின்றன. 50 ஹேர்ட்ஸைப் பின்னால் வெட்டி எறியலாம். 100-உம் 150-உம் ஆண்குரலின் கீழ்ஸ்தாயிக்குள்ளேயே விழுவதால் அவற்றை வெட்டினால் குரலும் போகும். ஆகவே பிறக்கிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும்.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓடவிட்டுப் பதியுங்கள். இரைச்சல் போய்விட்டால் சார்ஜர்தான் காரணம். பாட்டுப் பதிகிற நேரம் பற்றரியிலேயே ஓடட்டும். போகாவிட்டால், கணினி, இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்ரென்ஷனில் செருகிப் பாருங்கள். வெவ்வேறு பிளக்கில் செருகினால் எர்த் வழியாக வட்டம் உண்டாகி இரைச்சல் வரலாம். எங்கள் பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல்: மூன்று ஓட்டை பிளக் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. கணினியின் உலோகப் பாகத்தைத் தொட்டால் மெல்லிய "கிறுகிறு" வந்தாலோ, மைக்கைக் கையால் பிடித்ததும் இரைச்சல் குறைந்தாலோ எர்த்தைச் சந்தேகியுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் கம்பியைச் சோதிப்பியுங்கள். இரைச்சலைப் போக்க எர்த் பின்னைக் கழற்றுவது, முறிப்பது என்ற யோசனையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்து.

"ம்ம்" இல்லாமல் "ர்ர்" என்று கூர்மையாக இரைந்தால், ஃபான் ரெகுலேட்டரையும் வெளிச்சம் குறைக்கும் டிம்மரையும் நிறுத்திப் பாருங்கள். மைக் வயரைக் கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது. கடந்துதான் போக வேண்டுமென்றால் குறுக்கே, சிலுவை போலக் கடக்கட்டும். "டிட்-டிட்-டிட்" என்று வந்தால் பக்கத்தில் இருக்கும் கைபேசி. அதை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். பாட்டு வரிகளைக் கைபேசியில் பார்த்துப் பாடுபவர்களுக்கு இது கட்டாயம்.

"ஸ்ஸ்" என்று மணல் கொட்டுவது போன்ற இரைச்சல் பெரும்பாலும் கெயினை அளவுக்கு மீறித் திருகியதால் வருவது. ஏன் திருக நேர்ந்தது என்று கேளுங்கள். ஒன்று, தூர நின்று பாடுகிறீர்கள். அல்லது டைனமிக் மைக்கை நேரே மடிக்கணினியின் துளையில் செருகியிருக்கிறீர்கள். கோயில் மேடைகளில் காணும் அந்த வகை மைக்கின் மின் சமிக்ஞை மிகச் சிறியது. அதற்கு இன்டர்ஃபேஸோ மிக்ஸரோ இல்லாமல் சரிவராது.

மிச்சம் வெளிச் சத்தம். ஃபிரிஜ்ஜும் கிணற்று மோட்டரும் நிறுத்தக் கூடியவை. பதிவு முடிந்ததும் ஃபிரிஜ்ஜை மறக்காமல் போட வேண்டும், அதனால் கணினித் திரையில் ஒரு துண்டு எழுதி ஒட்டிவிடுங்கள். காகம், பாண்கார ஓட்டோவின் பாட்டு, கோயில் ஒலிபெருக்கி இவற்றை நிறுத்த முடியாது. நேரத்தைத்தான் மாற்றலாம். கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கம் தண்டவாளத்துக்கு அருகே வீடென்றால் ரயில் நேரத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் சுற்றுவட்டாரத்தில் பகலிலும் மாலையிலும் பதிய நினைப்பது வீண். இரவு பிந்தி ஒரு மணித்தியாலம் கிடைத்தால் அதுவே பெரிது. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் வளவுக்குள் பனை நின்றால் ஓலைச் சலசலப்பு அமைதிப் பதிவு முழுக்க நிறைந்திருக்கும். அது "ஸ்ஸ்" போலவே கேட்பதால் பலர் மைக்கைக் குறை சொல்வார்கள். யன்னலைச் சாத்திவிட்டு இன்னொரு தடவை பதிந்தால் தெரிந்துவிடும்.

ஃபான் இல்லாமல் யாழ்ப்பாணத்து வெயிலில் பாடுவது கடினம்தான். ஆனாலும் ஃபான் ஓடிய பதிவைத் திருத்துவது அதைவிடக் கடினம். பாட்டைப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, இடையில் போட்டு ஆறுங்கள். நிறுத்தியதும் இறக்கை முற்றாக ஓயும்வரை காத்திருக்க வேண்டும்.

கிணற்றுக்குள் பாடியது போல

புதியவர்களின் பதிவில் அதிகம் காணும் குறை இதுதான். பின்னால் எந்த மென்பொருளாலும் சரியாக எடுத்துவிட முடியாத குறையும் இதுதான். ஆகவே நேரத்தை இதில் செலவழியுங்கள்.

எங்கள் அறைகளில் சீமெந்துச் சுவர், சீமெந்து அல்லது ரைல்ஸ் நிலம், தளபாடம் கொஞ்சம். குரல் சுவரில் பட்டு, எதிர்ச் சுவரில் பட்டு, நிலத்தில் பட்டு மைக்குக்குத் திரும்புகிறது. அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் "ட்ர்ர்" என்று தந்தி அதிர்ந்தது போல வால் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்கள் பந்து விளையாடுகின்றன.

முதல் மருந்து காசில்லாதது: கிட்டப் போங்கள். மைக்குக்கும் வாய்க்கும் இடைத்தூரம் பாதியானால் நேரே போகும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலி கூடாது. ஒரு சாண் தூரம் நல்ல தொடக்கம். பெருவிரல் நுனியை மைக்கிலும் சின்னவிரல் நுனியை உதட்டிலும் வைத்து அளந்துவிட்டு நில்லுங்கள். நில அடையாளத்துக்குக் காலடியில் ஒரு துண்டு ரேப் ஒட்டினால் அடுத்த நாளும் அதே இடம்.

இரண்டாவது, மெத்தை. எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் பலரும் பிழைவிடுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். கார்டியொயிட் மைக் தன் பின்புறத்தை அவ்வளவாகக் கேட்காது. அது பார்த்துக்கொண்டிருப்பது உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். எனவே மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். சுவரோடு ஒட்டாமல் 10 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டால் தாழ்ந்த ஒலிகளையும் கொஞ்சம் விழுங்கும். மைக்கின் முதுகு யன்னலையோ, சத்தம் வரும் தெருப்பக்கத்தையோ பார்க்கட்டும். இன்னொரு மெத்தையோ தடித்த போர்வையோ இருந்தால் பக்கத்துச் சுவருக்கு. காலடியில் பாய் போதாது. மடித்த போர்வை போடுங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரி இருந்தால் அதன் கதவைத் திறந்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடுவதும் அருமையான வழி.

முட்டை மட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை. ஒரு அங்குல ஸ்பொன்ஞ்ச் உயர்ந்த ஒலிகளை மட்டும் குடித்துவிட்டு, தாழ்ந்தவற்றை அப்படியே விடும். அறை மந்தமாகி, "பும்" என்ற கனம் மட்டும் மிஞ்சும். காரணம் அலைநீளம். 1000 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 34 சென்ரிமீற்றர். அதை நன்றாக விழுங்க அதன் நான்கிலொரு பங்குத் தடிப்பாவது, 8 அல்லது 9 சென்ரிமீற்றர், வேண்டும். தும்பு மெத்தையும் பஞ்சு மெத்தையும் அதற்குத்தான் உதவுகின்றன. இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும்: மெத்தையோ ஸ்பொன்ஞ்சோ உள் எதிரொலியைத்தான் குறைக்கும். வெளிச் சத்தத்தைத் தடுப்பது பாரமும் காற்றடைப்பும். சிலிங் இல்லாத ஓட்டு வீட்டில் சத்தம் கூரை வழியாகவே இறங்கிவிடும்.

மேசையில் மைக்கை வைத்து, கதிரையில் இருந்து பாடுபவர்களுக்கு ஒரு தனிக் குறை வரும். குரல் பெட்டிக்குள் அடைத்தது போல, மூக்கால் பாடியது போலக் கேட்கும். நேரே வரும் குரலும், மேசையில் பட்டுத் தெறித்து வரும் குரலும் மைக்கில் மோதிக்கொள்வதுதான் காரணம். தெறித்த வழி 35 சென்ரிமீற்றர் நீளமாக இருந்தால் 1 மில்லிசெக்கன் பிந்தும். 500, 1500, 2500 ஹேர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். மேசையில் தடித்த துவாயை விரியுங்கள், அல்லது எழுந்து நின்று பாடுங்கள். நின்றால் மூச்சும் நன்றாக வரும். பாட்டுக் கொப்பியை மைக்குக்குப் பின்னால் நேராக நிறுத்தாமல் கொஞ்சம் சரித்துப் பக்கத்தில் வையுங்கள்.

சில சுரங்கள் மட்டும் திடீரெனப் பெருத்துக் கேட்டால் அறையின் அளவுதான் காரணம். 10 அடிக்கு 10 அடி அறை ஏறக்குறைய 57 ஹேர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 114 ஹேர்ட்ஸிலும் ஊதும். இரண்டாவது ஆண்குரலின் மந்தரத்துக்குள் வரும். கீழிருந்து மேலே மெதுவாக அகாரம் இழுத்துப் பார்த்து, ஊதும் இடம் வந்ததும் ஓரிரு அடி நகர்ந்து மீண்டும் பாருங்கள். மூலையும் சரிநடுவும் தவிர்க்க வேண்டிய இடங்கள்.

கரகரப்பு

கெயினைப் பேசிப் பார்த்து வைப்பதால் வரும் வினை. "ஹலோ, ஹலோ" சொல்லும் குரலும் விருத்தத்தின் உச்சத்தில் எழும் குரலும் ஒன்றல்ல. பாட்டின் மிக உரத்த வரியை உண்மையான வேகத்தோடு பாடி, அப்போது மீற்றர் −12-க்கும் −6 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி வையுங்கள். உண்மையாகப் பதியும்போது உற்சாகத்தில் இன்னும் சில டெசிபல் கூடும். அதற்குத்தான் அந்த இடம். பதிவை 24 பிற்றில் (ஒலியை எண்ணாக்கும் நுணுக்கம்) வைத்தால் மெல்லிய வரிகள் தாழப் பதிந்தாலும் பயமில்லை. 16 பிற்றின் வீச்சு 96 டெசிபல், 24 பிற்றினுடையது கணக்கின்படி 144.

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேடுகளின் தலை கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால் கிளிப்பிங். மென்பொருளின் ஒலி அளவு ஃபேடரைக் குறைத்த பிறகும், உச்சவரம்பைத் தொடாமலே தலை சீவப்பட்டிருந்தால் பிழை அதற்கு முன்னால், இன்டர்ஃபேஸின் கெயினில் நடந்திருக்கிறது. அந்தத் துண்டைத் திருத்த முயலாமல் மறுபடி பாடுவதே குறைந்த வேலை. உச்சத்துக்குப் போகும்போது அரைச் சாண் பின்னால் சாயப் பழகுங்கள். கச்சேரிக்காரர்கள் மேடையில் செய்வதும் இதுவே.

அலைவடிவம் நன்றாக இருந்தும் "கிரக், கிரக்" என்று வெடித்தால் வேறு காரணம். வயரை அசைக்கும்போது மட்டும் வந்தால் பிளக். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் பின்கள் கறுக்கும். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் தோய்த்த பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். மாரி காலத்தில் கொண்டென்சர் மைக்கின் உள்ளே ஈரம் பிடித்தாலும் இப்படி வெடிக்கும். பாடி முடிந்ததும் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள்.

"ப"வும் "ச"வும், அடிக்கனமும்

உள்ளங்கையை வாய்க்கு முன் ஒரு சாணில் பிடித்து "பூ" என்று சொல்லுங்கள். கையில் படும் அந்தக் காற்றுத்தான் பதிவில் "பும்" என்று இடிக்கிறது. பொப் ஃபில்டரை (காற்றைத் தடுக்கும் வலைத் திரை) மைக்கிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். மைக்கோடு ஒட்டி வைத்தால் பாதிப் பயன்தான். வாங்க முடியாவிட்டால் பழைய நைலோன் காலுறையை வளைத்த கம்பியில் இறுக்கிக் கட்டினாலும் வேலை செய்யும். அதைவிட நல்லது, மைக்கை மூக்கு உயரத்துக்கு ஏற்றி வாயைப் பார்க்கும்படி சற்றுச் சரிப்பது. காற்று நேரே போய்விடும், குரல் மட்டும் மைக்கில் விழும்.

"ச", "ஸ", "ஷ" கீறினால் மைக்கை 20 அல்லது 30 பாகை பக்கத்துக்குத் திருப்புங்கள். அந்தக் கூர்மை பெரும்பாலும் 5000 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரை இருக்கும். மென்பொருளில் அந்தக் கூர்மையை மட்டும் அடக்கும் டி-எஸ்ஸர் போடலாம். ஆனால் அளவு மீறினால் நாக்குத் தடித்தவர் பாடுவது போலாகிவிடும், தேவாரத்தில் சொல் போனால் எல்லாம் போயிற்று.

கார்டியொயிட் மைக்குக்கு மிகக் கிட்டப் போனால் குரலின் அடிக்கனம் தானாகக் கூடும். கம்பீரமாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். இசையோடு சேர்த்தால் குழம்பிவிடும். ஒரு சாணுக்குத் திரும்பி, மென்பொருளில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரைப் போடுங்கள். எங்கே வெட்டுவது என்பதைச் சுருதியே சொல்லும். 1 கட்டையில் பாடும் ஆணுக்கு சட்ஜம் ஏறக்குறைய 131 ஹேர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 98. எனவே 80-இல் வெட்டினால் குரல் தப்பும். 5 கட்டையில் பாடும் பெண்ணுக்கு மந்தர பஞ்சமம் 147 அளவில் நிற்பதால் 100 வரை போகலாம்.

ஹெட்ஃபோனும் நேரமும்

பாடும்போது உங்கள் குரலே பிந்திக் கேட்டால் பஃபர் அளவு, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் ஒலி, பெரிது. செக்கனுக்கு 44,100 மாதிரி எடுக்கும் வேகத்தில் 1024 பஃபர் என்றால் போக 23 மில்லிசெக்கன், வர இன்னொரு 23. அதை 128-க்குக் குறைத்தால் ஒருவழிக்கு 3 ஆகிவிடும். கணினி திணறி வெடித்தால் 256. இன்டர்ஃபேஸிலோ யூஎஸ்பி மைக்கிலோ நேரடிக் கேட்பு வசதி இருந்தால் அதையே பாவியுங்கள். அப்போது மென்பொருளின் கேட்பை நிறுத்த வேண்டும். இரண்டும் ஓடினால் குரல் இரட்டையாகும். புளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு ஆகாது, 100 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்துவது சாதாரணம்.

பாடியது தாளத்தோடு பொருந்தியும், போட்டுக் கேட்கையில் முழுப் பாட்டும் ஒரே அளவில் பிந்தினால், தாளத் தட்டுப் போடும் மெட்ரோனோமை ஓடவிட்டு ஹெட்ஃபோனை மைக்கோடு அணைத்துப் பதியுங்கள். இரண்டு தடங்களின் தட்டுகளுக்கும் இடையில் எத்தனை மில்லிசெக்கன் என்று அளந்து, ஓடாசிட்டி என்ற பதிவு மென்பொருளின் லேட்டன்சி (பிந்துதல்) திருத்தத்தில் அந்த அளவை ஈடுசெய்யுங்கள்.

சுருதிப் பெட்டியோ கரோக்கியோ குரல் தடத்தில் ஒழுகினால், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் போட்டு ஒலியைக் குறையுங்கள். ஒரு காதைத் திறந்து பாடும் பழக்கமுள்ளவர்கள் திறந்த பக்கத்து ஒலியை முற்றாக நிறுத்த வேண்டும். குரல் ஒரு காதில் மட்டும் வந்தால் ஸ்டீரியோவில் பதிந்திருக்கிறீர்கள், மொனோவுக்கு மாற்றுங்கள். பதிந்த குரல் ஏறக்குறைய ஒன்றரைச் சுரஸ்தானம் ஏறி வேகமாகக் கேட்டால் 44,100-இல் பதிந்ததை 48,000-இல் ஓடவிடுகிறீர்கள். எல்லா இடத்திலும் ஒரே எண்ணை வையுங்கள்.

கைபேசியில் பதிபவர்களுக்கு

மேலே சொன்ன அறை வேலை எல்லாம் அப்படியே பொருந்தும். கூடுதலாக, சத்தம் குறைக்கும் வசதியையும் தானியங்கிக் கெயினையும் நிறுத்தக் கூடிய செயலியைத் தேடுங்கள். அவை சங்கதிகளின் வால்களை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் தரம் நசுங்கும்; கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.

பின்னால் செய்யும் திருத்தம்

இது சுருக்கமாகவே இருக்க வேண்டும். ஹை-பாஸ் முதலில். இரைச்சல் நீக்கிக்கு அமைதிப் பதிவிலிருந்து 2 செக்கன் மாதிரி காட்டி, 6 முதல் 9 டெசிபல் மட்டும் குறையுங்கள். 20-க்குப் போனால் குரல் தண்ணீருக்குள் நின்று பாடுவது போலக் குமிழிடும். கம்பிரெஷனை (உரத்ததைத் தணித்து ஒலி அளவைச் சமமாக்குவது) இரைச்சல் நீக்கிய பிறகே போடுங்கள், முதலில் போட்டால் இரைச்சலும் சேர்ந்து எழும். எக்கோ கடைசி. கடைசிக் கோப்பின் உச்சம் −1 டெசிபலில் நிற்கட்டும். திருத்தாத மூலப்பதிவை வேவ் வடிவில், தூரம், கெயின், நின்ற இடம் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த கிழமை ஒரு வரியை மட்டும் திரும்பப் பாட நேர்ந்தால் அந்த மூன்றும் இல்லாமல் பழைய குரலோடு ஒட்டாது.